ஓவியப் பேராசான் கே. சி. எஸ். பணிக்கர்

சிராங்கூன் சாலையின் மளிகைக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் கண்டுவந்த ஓவியம் ஒன்று உண்டு. அதுவே நாட்காட்டி ஓவியம். தாமரை மீது நிற்கும் திருமகளும், மயிலோடு முருகனும், மதுரை மீனாட்சியின் திருக்கல்யாணமும் சிவகாசியில் அச்சாகி, கடல் கடந்து தமிழர் குடியேறிய ஊர்களுக்கெல்லாம் வந்து சேர்ந்தன. ஆண்டு முடிந்தால் தேதித்தாள் தீர்ந்துவிடும், படம் தீர்வதில்லை. அதை மட்டும் வெட்டியெடுத்துச் சட்டமிட்டுப் பூசை மாடத்தில் வைத்த குடும்பங்கள் பல. அயலகத் தமிழருக்கு அந்தப் படங்களே ஓவியக்கூடமாகவும் இருந்தன. ஓரளவு கோயிலாகவும் இருந்தன.

அப்படங்களில் பலவற்றை எழுதியவர் கொண்டையராஜு என்னும் பெருங்கலைஞர் (1898-1976). அவர் சென்னைக் கலைப் பள்ளியில் பயின்றவர். திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் தங்கி அவருடைய திருவுருவத்தைத் தீட்டியவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். கம்பெனி கலைந்த பின் கோவில்பட்டியிலேயே தங்கி, மாணவர் சிலரை உடன் வைத்துக்கொண்டு நாட்காட்டிப் படங்களை எழுதி வாழ்ந்தவர். கொண்டையராஜுவின் பெயரை அறியாதவர்களும் அவர் கைவண்ணத்தை அறிவர்.

அதே சென்னைப் பள்ளியிலிருந்து வேறொரு திசையில் நடந்தவர் கே. சி. எஸ். பணிக்கர். ஓவிய உலகில் அவர் பெயர் பெரிது. எனினும் தமிழ் படிப்போரிடையே அப்பெயர் போதிய அளவு வழங்கவில்லை. அவர் மலையாளி என்பது இதற்குக் காரணம் ஆகாது. கோயம்புத்தூரில் பிறந்து, சென்னையில் கற்று, சென்னையிலேயே கற்பித்து, சென்னையிலேயே மறைந்தவர் அவர். அவரைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதினர். அவரும் அவர் நண்பர்களும் 1961-இல் தொடங்கிய கலை இதழும் ஆங்கில இதழே. ஆகவே, தமிழ்நாட்டின் நடுவில் நிகழ்ந்த ஒரு கலைப் புரட்சி தமிழுக்கு வெளியே பேசப்பட்டது. அதைத் தமிழாசிரியர்கள் அறிந்துகொள்ள வேண்டியதற்குத் தனிக் காரணமும் உண்டு. பணிக்கர் தூரிகை பிடித்த காலம் முழுவதும் இரண்டு வினாக்கள் அவரை விடாமல் தொடர்ந்தன. நம்முடைய ஓவியம் எது என்பது ஒன்று. ஓவியம் கற்ற மாணவன் எதைக் கொண்டு உண்பான் என்பது மற்றொன்று. முதல் வினாவைப் பலரும் கேட்டிருக்கின்றனர். இரண்டாவதைத் தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்ட ஆசிரியர்கள் மிகச் சிலர்.

அவர் சேர்ந்த பள்ளியின் வரலாற்றைச் சிறிது கூற வேண்டும். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் ஆங்கில மருத்துவர் அதனைத் தம் சொந்த முயற்சியால் சென்னையில் தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசு அதனை ஏற்றுக்கொண்டு கலைத்தொழிற் பள்ளியாக நடத்தியது. இந்தியாவில் ஆங்கிலேயர் நிறுவிய கலைப் பள்ளிகளுள் மிகப் பழைமையானவற்றுள் ஒன்று அது. பெயரில் கலை இருந்ததே தவிர, அரசின் நாட்டம் தொழிலில்தான் இருந்தது. மரவேலை, உலோக வேலை, மண்பாண்டம், சாயம் முதலியவற்றில் தேர்ந்த கைவினைஞரை உருவாக்குவதும், அவர்தம் பொருள்களைக் கண்காட்சிகளுக்கு அனுப்புவதும் அதன் வேலையாக இருந்தன. பின்னாளில் இந்தியக் கலையின் பெருமையை மேனாட்டாருக்கு எடுத்துரைத்த ஈ. பி. ஹேவல் 1884 முதல் பல ஆண்டுகள் இப்பள்ளியின் தலைவராக இருந்தவரே. ஆனால் ஓவியன் என்பவன் தன் மனத்தில் தோன்றியதை வரைபவன் என்ற எண்ணத்துக்கு அப்பள்ளியில் நெடுங்காலம் இடமில்லை.

அந்த இடத்தை உண்டாக்கியவர் தேவி பிரசாத் ராய் சௌதுரி. 1899-இல் பிறந்த வங்காளியான அவர், அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றவர். 1929-இல் சென்னைப் பள்ளியின் தலைமை அவரிடம் வந்தது. அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. 1957 வரை அங்கே அரசு செலுத்தினார் என்றே சொல்ல வேண்டும். அத்துணை ஆளுமை அவருக்கு. மல்யுத்தம், வேட்டை, புல்லாங்குழல், சிறுகதை என எதையும் விட்டுவைக்காத மனிதர். சென்னைக் கடற்கரையில் நான்கு உழைப்பாளிகள் பாறையை நெம்பிப் பெயர்க்கும் சிலையைக் காணாத தமிழர் இரார். 1959-இல் நிறுவப்பட்ட அச்சிலை அவர் செய்ததே. வங்காளத்தில் கற்றவராயினும் வங்காள பாணியைச் சென்னை மாணவர்மேல் அவர் சுமத்தவில்லை. எதிரே நிற்கும் மனிதனைப் பார், அவன் எலும்பையும் தசையையும் பார் என்பதே அவர் பாடம். கைவினையிலிருந்து ஓவியத்தையும் சிற்பத்தையும் பிரித்து உயர்த்தியவர் அவர். அந்த உயர்வு வேண்டியதே. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. அதனைக் கொடுத்தவர்கள் அவருடைய மாணவர்கள்.

பணிக்கர் 1911 மே மாதத்தில் பிறந்தார். மலையாள நாட்டில் பணிக்கர் என்னும் பட்டம் களரியில் வாட்பயிற்சி தந்த ஆசான்களுக்கும் வழங்கியது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அவருடைய முன்னோர் ஊர் பொன்னானியை அடுத்த வெளியங்கோடு. கால்வாயும் தென்னையும் வயலும் நிறைந்த அந்த நாட்டை அவர் சிறுவயதிலேயே நீர்வண்ணத்தில் எழுதத் தொடங்கினார். பதினேழு வயதில் அவருடைய இயற்கைக் காட்சிகள் சென்னையின் ஆண்டுக் கண்காட்சியில் இடம் பெற்றன. ஆசிரியர் ஒருவரும் இல்லாமல் அவர் பெற்ற தேர்ச்சி அது.

குடும்ப நிலை அவரைக் கலைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. தந்தி அலுவலகத்துக்கு அனுப்பியது. புள்ளியும் கோடுமாக வரும் செய்திகளைப் பெற்றும் அனுப்பியும் சில ஆண்டுகள் கழிந்தன. மாதச் சம்பளம் வரும் அரசு வேலையை 1930-களில் ஒருவன் விடுவது எளிதன்று. உலகெங்கும் பொருளாதார மந்தம் நிலவிய காலம். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் வேலையின்றித் திருப்பியனுப்பப்பட்ட காலம். அக்காலத்தில் பணிக்கர் அந்த வேலையை உதறினார். 1936-இல், இருபத்தைந்தாம் வயதில், ராய் சௌதுரியின் மாணவராகச் சேர்ந்தார். தந்திக் கருவியின் புள்ளியும் கோடும் முப்பதாண்டுக்குப் பின் அவர் ஓவியங்களில் குறிகளாகத் திரும்பி வந்தன என்று ஊகிக்க ஆசை எழுகிறது. ஆனால் அது ஊகமே.

1940-இல் படிப்பை முடித்தார். அடுத்த ஆண்டே அப்பள்ளியில் ஆசிரியரானார். 1944-இல், நண்பர்களையும் மாணவர்களையும் சேர்த்து முற்போக்கு ஓவியர் சங்கத்தைச் சென்னையில் நிறுவினார். பம்பாயின் புகழ்பெற்ற முற்போக்குக் குழு 1947-இல்தான் தோன்றியது என்பதைக் கணக்கிட்டால், சென்னை பின்தங்கிய ஊர் என்ற பேச்சு எவ்வளவு தவறானது என்பது விளங்கும். அக்காலச் சென்னையில் ஓவியத்தைக் காட்சிக்கு வைக்க இடம் கிடைப்பதே அரிது. வாங்குவோர் அதனினும் அரியர். சங்கீத சபைக்குக் கூட்டம் உண்டு, நாட்டியத்துக்குக் கூட்டம் உண்டு, ஓவியத்துக்கு இல்லை. சங்கம் ஓவியரை ஒன்றுசேர்த்தது, கண்காட்சி நடத்தியது, வடநாட்டு நகரங்களுக்கும் ஓவியங்களைக் கொண்டு சென்றது.

1954-இல் பணிக்கர் ஐரோப்பா சென்று, இலண்டனிலும் பாரிசிலும் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அதுவரை அச்சுப் படங்களில் மட்டும் அறிந்திருந்த மேனாட்டு ஓவியங்களை நேரில் கண்டார். திரும்பி வந்தபின் அவர் எழுதிய தோட்ட வரிசை ஓவியங்களில் வான் கோவின் வண்ண வேகமும் அஜந்தாவின் உருவ அமைப்பும் ஒருங்கே தெரிகின்றன என்பர். அழகிய ஓவியங்களே அவை. ஆயினும் அவர் மனம் அமைதி கொள்ளவில்லை. பாரிசில் இருப்பவன் தன் மரபிலிருந்து ஒன்றை எழுதுகிறான். சென்னையில் இருப்பவன் பாரிசைப் பார்த்து எழுதினால் அது யாருடைய ஓவியம்?

இந்த வினா அவர் ஒருவருடையது அன்று. அதே ஆண்டுகளில் சிங்கப்பூரிலும் அது எழுந்தது. 1938-இல் லிம் ஹாக் தாய் தொடங்கிய நன்யாங் நுண்கலைக் கழகத்தைச் சுற்றித் திரண்ட சீன ஓவியர்கள், சீனத் தூரிகை மரபையும் பாரிஸ் ஓவியத்தையும் கற்றுவிட்டு, தம் கண்முன் இருக்கும் தென்கடல் நாட்டை எவ்வாறு எழுதுவது என்று திகைத்தனர். லியூ காங், சென் சோங் சுவீ, சென் வென் சீ, சியோங் சூ பியெங் ஆகிய நால்வரும் 1952-இல் பாலித் தீவுக்குச் சென்றது அதற்கு விடை தேடித்தான். இவர்களுள் லியூ காங் பிறந்ததும் 1911-ஆம் ஆண்டே. பணிக்கரைப் போலவே அவரும் ஆசிரியராக இருந்தவர். ஒரே ஆண்டில் பிறந்த இருவர், வங்கக்கடலுக்கு இப்பாலும் அப்பாலும் இருந்துகொண்டு, ஒரே வினாவோடு போராடியிருக்கின்றனர். லியூ காங்குக்குப் பாலியின் பெண்களும் கோயில்களும் விடை தந்தன. பணிக்கருக்கு விடை ஒரு பள்ளி மாணவனின் கணக்கு நோட்டிலிருந்து கிடைத்தது.

1963-இல் அந்த நோட்டின் பக்கம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. எண்கள், இயற்கணிதக் குறிகள், வடிவியல் படங்கள், இடையிடையே அடித்தலும் திருத்தலும். ஆசிரியர் வேறு எவராயினும் மதிப்பெண் இட்டுவிட்டுப் புரட்டியிருப்பர். பணிக்கர் அதில் ஓவியத்தைக் கண்டார். எண்ணையும் எழுத்தையும் பொருளுக்காகப் படிக்காமல், கோடாகவும் வளைவாகவும் பார்த்தால் ஒரு பக்கம் முழுவதும் உயிர் பெற்று அசைகிறது அல்லவா? அன்று தொடங்கியதே 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசை. அவர் வாழ்நாளின் எஞ்சிய பகுதி பெரும்பாலும் அதிலேயே சென்றது.

முதலில் உரோம எழுத்துகளையும் கணிதக் குறிகளையும் பயன்படுத்தினார். விரைவில் அவற்றின் இடத்தை மலையாள எழுத்து பிடித்துக்கொண்டது. ஓலைச்சுவடி போன்ற வரிகள்; சாதகக் கட்டம் போன்ற சதுரங்கள்; நடுநடுவே மீன், பாம்பு, பறவை, மனித உருவம்; மாந்திரீகத் தகட்டில் காணும் முக்கோணமும் வட்டமும். மலையாளம் அறிந்தவர் அருகில் சென்று படிக்க முயன்றால் தோற்றுப்போவர். வரிகள் எழுத்துகளாக இருக்கும்; சொற்களாக இரா. படிப்பதற்காக அவை எழுதப்படவில்லை. கிரந்த எழுத்தின் வழியில் வந்த அந்த வளைவுகள் தமிழ்க் கண்ணுக்கும் அயலானவை அல்ல. ஏதோ பாட்டனார் காலத்துப் பத்திரம் ஒன்றைப் பரணிலிருந்து எடுத்துப் பிரித்தது போன்ற உணர்வு தோன்றும்.

எழுத்து ஓவியமாவது சிங்கப்பூர் வாழ் தமிழருக்கு விளங்காத செய்தி அன்று. சீனப் புத்தாண்டு வந்தால் வாயில்தோறும் சிவப்புத் தாளில் கருமை கொண்டு எழுதிய வாழ்த்துகள் ஒட்டப்படுகின்றன. அவற்றை எழுதுவதற்கென்றே கைதேர்ந்த முதியவர்கள் இருக்கின்றனர். சீனர் மரபில் நல்ல கையெழுத்து ஓவியத்துக்குச் சமமானது. இரண்டுக்கும் ஒரே தூரிகை. அரபு எழுத்தைப் பள்ளிவாசலின் சுவரில் அணியாக ஆக்கிய மரபும் இந்நகரில் அரபுத் தெருவை ஒட்டியே இருக்கிறது. தமிழரிடமோ எழுத்து பெரிதும் பொருளைச் சுமந்து செல்லும் வண்டியாகவே நின்றுவிட்டது. பல்லவர், சோழர் கல்வெட்டுகளில் உளியின் அழகு உண்டு. ஆனால் கல்வெட்டைப் படிப்போரும் செய்தியைத்தான் தேடுகின்றனர். எழுத்தின் உருவத்தையே கலையாகக் கொள்ளலாம் என்பதைத் தென்னாட்டில் இக்காலத்தில் துணிந்து காட்டியவர்களுள் முன்னிற்பவர் பணிக்கர்.

இவ்வோவியங்களைப் பற்றி எல்லாரும் ஒருமனதாகப் புகழ்ந்துவிடவில்லை. எழுத்தைக் காட்டிவிட்டுப் பொருளைத் தராமல் இருப்பது ஏமாற்று என்று கருதுவோர் உண்டு; நாளடைவில் அது அணிவேலையாகச் சுருங்கிற்று என்பாரும் உண்டு. இரண்டாவது குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை இருக்கிறது. வரிசையின் பிற்பகுதியில் சில ஓவியங்கள் ஒன்றையொன்று மிகவும் ஒத்திருக்கின்றன. மேலும், அவரைச் சூழ்ந்திருந்த இளைஞர் சிலர் குறியும் கட்டமும் எழுதுவதையே இந்தியத்தன்மை என்று கொண்டதும் உண்டு. ஆசிரியர் கண்டடைந்ததை மாணவர் வாய்பாடாக ஆக்கிவிடுவது எந்தத் துறையிலும் நிகழ்வதே.

இனி இரண்டாவது வினா. 1957-இல் ராய் சௌதுரி ஓய்வு பெற்றபின் பணிக்கர் பள்ளியின் முதல்வரானார். 1967 வரை அப்பொறுப்பில் இருந்தார். அப்பத்தாண்டுகளில் அங்கே கற்றவர், கற்பித்தவர் பெயர்களை எண்ணினால் தென்னாட்டின் இக்காலக் கலை வரலாறே வந்துவிடும். சிற்பி தனபால், சுல்தான் அலி, முனுசாமி, சந்தானராஜ், ரெட்டப்ப நாயுடு, ஜானகிராம், ஆதிமூலம், பாஸ்கரன், வாசுதேவ், விசுவநாதன், ஹரிதாசன், காணாயி குஞ்ஞிராமன் என்று அது நீளும். இவர்களில் ஒருவருடைய கை மற்றொருவருடைய கையைப் போன்றது அன்று. பொன்னானிப் பகுதியிலிருந்து வந்த டி. கே. பத்மினி என்னும் மாணவியையும் விட்டுவிடக் கூடாது. பெண்கள் அரிதாகவே ஓவியம் கற்ற அக்காலத்தில், பெண்ணின் உள்ளத்தைப் பெண்ணே எழுதியது போன்ற ஓவியங்களைத் தந்தவர் அவர். 1969-இல், முப்பது வயது நிரம்புமுன் மறைந்தார்.

ஆனால் பட்டயம் பெற்று வெளியேறிய மாணவன் எங்கே போவான்? ஓவியம் வாங்குவோர் சென்னையில் இல்லை. பள்ளிகளில் ஓவிய ஆசிரியர் வேலை சிலருக்குக் கிட்டும். விளம்பர நிறுவனம், நெசவாளர் பணி நிலையம், திரைப்படத் தட்டி, பத்திரிகைப் படம் என்று மற்றவர் சிதறுவர். சில ஆண்டுகளில் தூரிகை காய்ந்துவிடும். தந்தி அலுவலகத்தில் இளமையின் சில ஆண்டுகளைக் கொடுத்த பணிக்கருக்கு இந்தக் காய்தல் எத்தகையது என்பது புத்தகத்தில் படித்து அறிய வேண்டிய செய்தி அன்று.

அவர் கண்ட வழி விந்தையானது. எந்தக் கைவினையிலிருந்து ராய் சௌதுரி ஓவியத்தைப் பிரித்து உயர்த்தினாரோ, அந்தக் கைவினையிடமே அவர் மாணவரைத் திருப்பி அனுப்பினார். பள்ளியின் உலோகப் பட்டறையும் சாயத் தொட்டியும் மரபுக் கைவினைஞரும் பக்கத்திலேயே இருந்தும், ஓவிய மாணவர் அங்கே எட்டிப் பாராமல் இருந்தனர். போய்க் கற்றுக்கொள்ளுங்கள் என்றார் முதல்வர். ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி, வெட்டி, ஒட்டிச் செய்த கிறித்துவும் கணபதியும், பணிக்கரின் மகன் நந்தகோபால் பிற்காலத்தில் உலோகத்தில் செய்த சிற்பங்களும் அந்தப் பட்டறையின் வழியாக வந்தவையே. அதனோடு, நாளில் ஒரு பகுதியைக் கைவினைக்குக் கொடுத்து அதில் வரும் பணத்தால் வாழ்ந்தால், எஞ்சிய பகுதியில் எவருக்கும் அடிமையாகாமல் ஓவியம் எழுதலாம் என்று அவர் கணக்கிட்டார். ஓவியத்தை விற்பனைக்கேற்ப வளைக்க வேண்டாம்; விற்பனைக்கு வேறு பொருள் செய்துகொள்ளலாம்.

அப்படிச் செய்த பொருள்களுள் முதன்மையானது பாத்திக் துணி. மலாய் மக்களிடையே வாழும் தமிழருக்குப் பாத்திக் எது என்று விளக்க வேண்டுவதில்லை. உருக்கிய மெழுகால் துணியில் கோலமிட்டு, சாயத்தில் தோய்த்து, மெழுகை நீக்கினால் மெழுகு பட்ட இடம் நிறம் ஏறாமல் நிற்கும். சாவகத்தில் செழித்த இக்கலை இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இந்தியக் கலைப் பள்ளிகளுக்குள் புகுந்த வழியில் சிங்கப்பூருக்கும் ஓரிடம் உண்டு. 1927 ஜூலையில் கவி தாகூர் சிங்கப்பூர் வந்தார். மலாயா, சாவகம், பாலி, சயாம் ஆகியவற்றை நோக்கிய அப்பயணத்தில் அவரோடு மொழியறிஞர் சுநீதி குமார் சட்டர்ஜி வந்தார். சாந்திநிகேதனத்து ஓவியர்களான சுரேந்திரநாத் கரும் தீரேந்திர கிருஷ்ண தேவவர்மனும் வந்தனர். சுரேந்திரநாத் கர் அங்கே கலையாசிரியர். சாவகத்தில் கண்ட பாத்திக் வேலை அதன்பின் சாந்திநிகேதனத்தில் பாடமாயிற்று. அங்கிருந்து இந்தியக் கலை வட்டங்களில் பரவிற்று. பினாங்கிலோ இதே துணிக்கலை வேறு வடிவம் பெற்றது. 1950-களில் சுவா தியான் தெங் பாத்திக்கையே ஓவியமாக எழுதிப் புகழ் பெற்றார். மலாயாவில் பாத்திக் ஓவியமாக உயர்ந்தது; சென்னையில் அது ஓவியத்துக்குச் சோறு போட்டது. இரண்டில் எது பெரிது என்று வழக்காட வேண்டியதில்லை.

1960-களின் தொடக்கத்தில் மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து ஓவியர் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தனர். அவர்கள் செய்த பாத்திக் துணிகளும் பிற பொருள்களும் கண்காட்சிகளில் நன்கு விலைபோயின. அப்பணத்தைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே, மாமல்லபுரம் செல்லும் வழியில், இஞ்சம்பாக்கம் என்னும் கடலோர ஊரில் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கினர். 1966-இல் சோழமண்டலம் என்னும் ஓவியர் சிற்றூர் பிறந்தது. முப்பதுக்கு மேற்பட்ட கலைஞர் அதில் பங்கு கொண்டனர். அரசின் மானியத்தை எதிர்பார்த்து அவர்கள் தொடங்கவில்லை. செல்வர் ஒருவரின் கொடையாலும் அது எழவில்லை. அன்று அங்கே இருந்தது மணல். கூரை வேய்ந்தும் செங்கல் அடுக்கியும் தம் கையாலேயே குடிலும் பட்டறையும் அமைத்துக்கொண்டனர். பெயரையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பியர் நாவில் கோரமண்டலம் என்று திரிந்து வழங்கிய கரையின் பழம் பெயரை, மலையாளி ஒருவர் தலைமையில் தமிழரும் தெலுங்கரும் கன்னடரும் மலையாளிகளும் கூடி மீண்டும் நாட்டினர்.

உலகில் ஓவியர் குடியிருப்புகள் பல தோன்றியிருக்கின்றன. பெரும்பாலானவை சில ஆண்டுகளில் கலைந்துவிட்டன. கலைஞர் ஓரிடத்தில் கூடி வாழ்வது எளிய செயலன்று. சோழமண்டலம் அரை நூற்றாண்டைக் கடந்து நிற்பதற்குக் காரணம் உயர்ந்த கொள்கை மட்டும் அன்று. ஒவ்வொருவருக்கும் சொந்த மனை இருந்தது. பட்டறை பொதுவாக இருந்தது. தனிமையும் கிடைத்தது, துணையும் கிடைத்தது. தோட்டக் குடியிருப்பு வரிசைகளில் வாழ்ந்த மலாயாத் தமிழர் இந்த ஏற்பாட்டின் அருமையை நன்கு உணர்வர்.

அந்த ஊரில் வாழ்ந்தவருள் கே. ராமானுஜம் என்பவரைத் தனியே சொல்ல வேண்டும். பேச்சுத் தடையும் மனநோயும் உடையவர், வறுமையில் வாடியவர், பிறரோடு பழக இயலாதவர். மற்ற எந்தக் கல்வி நிலையத்திலும் அவர் ஒரு மாதம் தங்கியிருக்க மாட்டார். பணிக்கர் அவருடைய கோடுகளைக் கண்டு அவரைத் தம் பாதுகாப்பில் வைத்துக்கொண்டார். சோழமண்டலத்திலும் இடம் தந்தார். கருமை கொண்டு ராமானுஜம் எழுதிய கனவு நகரங்களில் மாடமாளிகைகளும் நாகங்களும் தேவமகளிரும் நெருங்கி நிற்பர். அவர்களிடையே தொப்பி அணிந்த சிறு மனிதன் ஒருவன் அரசனைப் போல் உலவுவான். அது ராமானுஜமே. வெளியுலகில் எவரும் தராத சிம்மாசனத்தைத் தாளில் அவர் எடுத்துக்கொண்டார். 1973-இல், முப்பதைச் சிறிதே கடந்த வயதில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஓர் ஆசிரியரின் அன்பு எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று இல்லை. ஆயினும் பணிக்கரின் கண் அன்று அக்கோடுகள்மேல் விழாதிருந்தால் இன்று ராமானுஜம் என்ற பெயரே எஞ்சியிராது.

தமிழ் இலக்கியத்தோடு இப்பள்ளி கொண்ட உறவு ஆதிமூலத்தின் வழியே வந்தது. துறையூரை அடுத்த கீராம்பூரில் 1938-இல் பிறந்த அவர், தனபாலின் அரவணைப்பில் சென்னைப் பள்ளியில் 1960 முதல் 1966 வரை கற்றார். காந்தியடிகளின் நூற்றாண்டை ஒட்டி அவர் வரைந்த நூறு காந்தி ஓவியங்கள் கோட்டின் ஆற்றலுக்கு இலக்கணமாகச் சொல்லப்படுவன. 1960-களின் இறுதியில் எழுந்த சிற்றிதழ்கள் அவரை நாடின. கதைக்கும் கவிதைக்கும் அவர் வரைந்த படங்கள் கதையை மறுபடி சொல்பவையல்ல. கதையின் அருகில் நிற்பவை. நூற்பெயர்களையும் இதழ்ப் பெயர்களையும் தம் கையாலேயே எழுதினார். நடுங்குவது போலவும் உறுதியாக நிற்பது போலவும் தோன்றும் அத்தமிழ் எழுத்துகள் பல நூல்களின் முகமாயின. ஆசிரியர் மலையாள எழுத்தில் கண்டதை மாணவர் தமிழ் எழுத்தில் வேறு விதமாகக் கண்டார். அதுவும் வாசகன் படித்துப் பொருள் கொள்ளும்படியாகவே. ஆதிமூலம் 2008 ஜனவரியில் மறைந்தார்.

சிங்கப்பூரிலும் தமிழ் ஓவியாசிரியர் இல்லாமல் இல்லை. மனித உருவத்தைக் கோட்டில் எழுதுவதில் தேர்ந்தவரும், பல்லாண்டு ஓவியம் கற்பித்தவருமான எஸ். நமசிவாயம் (1926-2013) கலை மாணவரிடையே மதிக்கப்பட்டவர். 1988-இல் எஸ். சந்திரசேகரன், கோ ஈ சூ, சாலே ஜப்பார் என்னும் மூன்று இளைஞர் 'திரிமூர்த்தி' என்ற பெயரில் நடத்திய காட்சி, மூன்று இனத்தாரும் தத்தம் மரபிலிருந்து இக்காலக் கலையைத் தேடிய முயற்சியாகப் பேசப்பட்டது. பணிக்கரின் முதல் வினா இங்கும் வேறு உருவில் எழுந்திருக்கிறது. இரண்டாவது வினாவுக்கு இந்நகரத்தின் நிலவிலையில் ஒரு சோழமண்டலம் விடையாக முடியாது என்பது வெளிப்படை.

பணிக்கர் 1967-இல் பணியினின்று ஓய்வு பெற்றபின் சோழமண்டலத்திலேயே கருத்தைச் செலுத்தினார். 1977 ஜனவரியில் காலமானார். திருவனந்தபுரத்தில் அருங்காட்சியக வளாகத்தினுள் அவர் பெயரால் ஓர் ஓவியக்கூடம் 1979-இல் அமைந்தது. இளமையின் நீர்வண்ணக் காட்சிகள் முதல் சொற்களும் குறியீடுகளும் வரை அவர் ஓவியங்கள் அங்கே வரிசையாகக் காணக் கிடைக்கின்றன. இஞ்சம்பாக்கத்தில் 2009-இல் சென்னை ஓவிய இயக்கத்துக்கென ஒரு காட்சியகம் திறக்கப்பட்டது. மணற்காடாக இருந்த அவ்விடத்தைச் சென்னை மாநகரம் இப்போது சூழ்ந்துவிட்டது. பெருஞ்சாலையின் இரைச்சலிலிருந்து உள்ளே திரும்பினால் மரநிழலில் கல்லும் உலோகமுமாகச் சிற்பங்கள் நிற்கின்றன. குடிகள் சிலவற்றில் முதல் தலைமுறையினரின் மக்கள் வாழ்கின்றனர்.